முதல் கேஸ், சின்ன கேஸ்: அபராதமா, சமரசமா, பேரமா, நன்னடத்தைப் பிணையா, சமூக சேவையா?

"ஐயா, பையனுக்கு இருபது வயது முடிந்து ஏழு மாதம் ஆகிறது. கோயில் கொடையில் நாற்காலி போடுவதில் தகராறு. இவனும் அடித்தான், அவர்களும் அடித்தார்கள், ஆனால் முதலில் ஸ்டேஷனுக்குப் போனது அவர்கள். 296(பி), 115(2), 351(2) என்று போட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார் கோர்ட் ஏட்டு. பையன் போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். என்ன செய்யலாம்?"

ஓர் அப்பா கேட்டது இது. வக்கீலான என்னிடம் மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வருகிறது. சில நேரம் அது கடையில் எடுத்த செல்போன், சில நேரம் குடித்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் போட்ட கூச்சல். ஆள் முதல் முறையாக மாட்டியிருப்பார், செய்ததையும் மறுக்கவில்லை. சிறைக்குப் போகக் கூடாது, வேலை கெடக் கூடாது, இவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. செய்யாத குற்றத்துக்கு மாட்டியவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவர்கள் வழக்கை நடத்த வேண்டும், அது தனிக் கதை.

சிறையை ஏன் தவிர்க்க வேண்டும் என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கு இடம். உள்ளே இருந்தவர்கள் 5,73,220 பேர். நூறில் எழுபத்தைந்துக்கும் மேல் விசாரணைக் கைதிகள். அந்த நெரிசலில் இரண்டு மாதத் தண்டனை எதையும் திருத்தாது. தொழில் கற்றுக்கொள்ள அது போதாது, இருக்கிற வேலை போவதற்குத் தாராளமாகப் போதும். தண்டனையியல் படித்தவர்கள் குறுகிய காலச் சிறையை ரொம்ப காலமாகவே திட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

## எதை வைத்து எடை போடுவது

'எது சீக்கிரம் முடியும்?' என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதல் கேள்வி, குற்றத்தீர்ப்பு பதிவாகுமா என்பது. தண்டனை சின்னதா பெரியதா என்பது வேறு, 'குற்றவாளி' என்று எழுதப்படுகிறதா என்பது வேறு. இரண்டாவது, அந்தக் காகிதத்தை நாளைக்கு யார் படிக்கப் போகிறார்கள்? மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் சீருடைப் பணிக்கு விண்ணப்பிப்பவருக்கும் ஒரே தீர்ப்பின் விலை ஒன்றல்ல. மூன்றாவது, முடிவு யார் கையில் இருக்கிறது: உங்களிடமா, எதிர்த்தரப்பிடமா, நீதிபதியிடமா? நான்காவது, பிறகு மனம் மாறினால் திரும்பி வர வழி உண்டா? ஐந்தாவது, நடுவில் சறுக்கினால் என்ன ஆகும்? வாய்தா எத்தனை என்பதை இதற்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

| வழி | குற்றத்தீர்ப்பு? | யார் சம்மதம் வேண்டும் | சறுக்கினால் |
|---|---|---|---|
| ஒப்புக்கொண்டு அபராதம் | ஆம் | யாருடையதும் வேண்டாம் | அபராதம் கட்டாவிட்டால் சிறை |
| சமரசம் | இல்லை, விடுதலை | பாதிக்கப்பட்டவர். சில பிரிவுகளுக்கு நீதிமன்றமும் | வழக்கு பழையபடி நடக்கும் |
| தண்டனைப் பேரம் | ஆம் | அரசு வழக்கறிஞர், பாதிக்கப்பட்டவர், நீதிமன்றம் | பேரம் படியாவிட்டால் விசாரணை |
| நன்னடத்தைப் பிணை | ஆம், ஆனால் தண்டனை இல்லை | நீதிமன்றம் | பழைய குற்றத்துக்கே தண்டனை வரலாம் |
| சமூக சேவை | ஆம் | நீதிமன்றம் | சிறை |

## ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது

திங்கட்கிழமை காலை எந்த நடுவர் நீதிமன்றத்திலும் இதைப் பார்க்கலாம். டவாலி பெயரைக் கூப்பிடுவார். ஆள் கைகட்டிக் கூண்டில் ஏறுவார். பெஞ்ச் கிளார்க் இரண்டு வரி வாசிப்பார், "ஒப்புக்கொள்கிறாயா?", "ஆமாங்க ஐயா", தொகை, கையெழுத்து, அடுத்த பெயர். மூன்று நிமிடம் ஆனால் அதிகம்.

ஜூனியராக இருந்த காலத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிய ஒரு பையனை நானே இப்படி ஒப்புக்கொள்ள வைத்தேன். 500 ரூபாய். எனக்கும் நிம்மதி, அவனுக்கும் நிம்மதி. ஏழு வருடம் கழித்து ஓர் அரசு வேலைத் தேர்வில் எல்லாக் கட்டமும் தாண்டி, பின்புல விசாரணையில் நின்றுபோய் என் அலுவலகத்துக்கு வந்தான். அந்த அபராத ரசீதை மடித்து பர்ஸில் வைத்திருந்தான். "கட்டிட்டேனே அண்ணே, ரசீது இருக்கே" என்று காட்டினான். கட்டியதுதான் பிரச்சினை என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

இந்த வழியின் மறைந்த செலவு இதுதான். 500 ரூபாய் அபராதமும் குற்றத்தீர்ப்புதான். ஒப்புக்கொண்டு பெற்ற தீர்ப்பை மேல்முறையீட்டில் புரட்டுவதும் கடினம். தண்டனை அதிகம், அல்லது சட்டப்படி சரியில்லை என்று மட்டுமே வாதாட முடியும். 'நான் செய்யவே இல்லை' என்று அப்புறம் சொல்ல முடியாது. ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர் என்றால், குற்றத்தீர்ப்பின் அடிப்படையில் தனி விசாரணை இல்லாமலே பணிநீக்கம் செய்ய அரசியல் சாசனத்தின் 311ஆவது பிரிவு இடம் தருகிறது.

அப்படியென்றால் யாருக்கு இது சரி? அன்றாடம் கூலிக்குப் போகிறவர், அரசு வேலை யோசனை இல்லாதவர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளத்தை இழப்பவர். பத்து வாய்தா என்பது அவருக்குப் பத்து நாள் கூலி. அவர் 500 கட்டிவிட்டுப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

## சமரசம்

குற்ற வழக்கை நடத்தும் முறையைச் சொல்லும் புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 359ஆவது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள குற்றங்களைப் பாதிக்கப்பட்டவரே மன்னித்து வழக்கை முடித்துவிடலாம். சிலவற்றுக்கு நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். சாதாரணக் காயம் அதில் உண்டு, மிரட்டல் உண்டு. திருட்டுகூட, பொருளுக்கு உரியவர் ஒப்புக்கொண்டால், சமரசத்துக்கு உரியதுதான். முடிந்தால் அதன் பலன் விடுதலை. குற்றத்தீர்ப்பு என்ற பேச்சே இல்லை. காகித அளவில் ஐந்து வழிகளில் சிறந்தது இது.

சிக்கல் எங்கே வருகிறது? நம் ஊர் ஸ்டேஷன்களில் ஒரு வழக்கம் உண்டு. எந்த அடிதடியாக இருந்தாலும் 'அசிங்கமாகத் திட்டினார், கையால் அடித்தார், மிரட்டினார்' என்று மூன்று பிரிவுகளைக் கோத்து எழுதுவார்கள். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506. இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்ஸில் 296(பி), 115(2), 351. இதில் அடித்ததையும் மிரட்டியதையும் சமரசம் செய்யலாம். திட்டியதைச் செய்ய முடியாது! ஆபாசமாகப் பேசுவது பொது இடத்துக்கு எதிரான குற்றம் என்பதால் அது பட்டியலில் இல்லை. இரண்டு தரப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாலும் நடுவரால் அந்த ஒரு பிரிவை மூட முடியாது. மூன்றிலும் சின்னத் தண்டனை உள்ள பிரிவுதான் வழியை அடைக்கிறது.

அப்போது உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பிஎன்எஸ்எஸ் 528இன் கீழ், இரு தரப்பும் சமாதானமானதைக் காட்டி வழக்கையே ரத்து செய்யக் கேட்கலாம். தனிப்பட்ட தகராறுகளில் இப்படிச் செய்யலாம் என்று 2012இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் கட்டணமும், சென்னைக்கோ மதுரைக்கோ எதிர்த்தரப்பையும் கூட்டிக்கொண்டு போய் வரும் செலவும் உங்களுடையது.

இன்னொரு செலவு கௌரவம் சார்ந்தது. எதிர்த்தரப்பு ஊரில் பெரிய கையாக இருந்தால் சமரசத்துக்கு ஒரு விலை சொல்வார்கள். பணமாகவும் இருக்கலாம், கூட்டத்தில் மன்னிப்புக் கேட்கச் சொல்வதாகவும் இருக்கலாம். எவ்வளவு தூரம் வளையலாம் என்பதை வீட்டில் உட்கார்ந்து முன்பே பேசிக்கொள்ளுங்கள். பணியில் இருந்த அரசு ஊழியரை அடித்த வழக்கு என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், அது பட்டியலில் கிடையாது.

## தண்டனைப் பேரம்

குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனைக்குப் பேசி முடிப்பது. பிளீ பார்கெயினிங் என்று அமெரிக்கப் படங்களில் பார்த்தது. நம் சட்டத்தில் 2006 முதல் இருக்கிறது. இப்போது பிஎன்எஸ்எஸ் 289 முதல் 300 வரை. ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றம், சமூகப் பொருளாதாரக் குற்றம் ஆகியவற்றுக்குக் கிடையாது. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த (முறைப்படி பதிவு செய்த) 30 நாளுக்குள் மனு போட வேண்டும், பேசி முடிக்க 60 நாள். முதல் முறைக் குற்றவாளிக்கு, அந்தக் குற்றத்துக்கு உரிய தண்டனையில் ஆறில் ஒரு பங்காகக் குறைக்கலாம். குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று இருந்தால் அதில் நான்கில் ஒன்று.

ஒரு நாற்காலித் தகராறுக்கு இது தேவையே இல்லை. எப்படியும் அபராதத்தில் முடியக்கூடிய வழக்கில் பேரம் பேசி என்ன மிச்சம்? ஐந்து வருடம், ஏழு வருடம் என்று பிரிவு கனமாக இருந்து, சாட்சியங்களும் உறுதியாக இருந்து, ஏற்கெனவே சில மாதம் உள்ளே இருந்துவிட்டவருக்கு இது நல்ல கதவு. உள்ளே இருந்த நாள் கழிக்கப்படும். பேரத்தின் முடிவில் நன்னடத்தைப் பிணையில் விடும்படியும் கேட்கலாம், இது பல வக்கீல்களுக்கே நினைவில் இருப்பதில்லை. பதிலுக்கு நீங்கள் கொடுப்பது மேல்முறையீட்டு உரிமையை. அதன் பிறகு ரிட் மனுவோ உச்ச நீதிமன்றச் சிறப்பு அனுமதி மனுவோதான் மிச்சம். பேரம் முறிந்தால், அதில் நீங்கள் சொன்னதை விசாரணையில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. எழுத்தில் அது பாதுகாப்புதான். ஆனால் அதைப் படித்த நீதிபதியின் மனதிலிருந்து யார் அழிப்பது?

## நன்னடத்தைப் பிணை

குற்றம் உறுதியானாலும் தண்டனை விதிக்காமல், எச்சரித்தோ பத்திரம் எழுதி வாங்கியோ விடுவது இது. என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். இங்கே இதைக் கேட்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1841இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைக்கும் கடைக்காரர், நீதிமன்றத்தில் நின்ற ஒரு குடிகாரரைத் தன் பொறுப்பில் விடும்படி கேட்டு அழைத்துப் போனார். சில வாரம் கழித்துத் தெளிந்த ஆளாகத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இது. சென்னை மாகாணத்துக்கு 1936இலேயே தனிச் சட்டம் இருந்தது. நாடு முழுமைக்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958இல் வந்தது.

அதில் இரண்டு படி. 3ஆவது பிரிவு, எச்சரித்து அனுப்புவது: இரண்டு ஆண்டுக்கு மேல் போகாத குற்றங்களுக்கும், சில வகைத் திருட்டு, ஏமாற்று வழக்குகளுக்கும், முன்பு தண்டனை பெறாதவருக்கு. 4ஆவது பிரிவு, பத்திரம் எழுதி வாங்கி விடுவது: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால் போதும். மூன்று ஆண்டு வரை ஒழுங்காக இருப்பேன், கூப்பிட்டால் வந்து தண்டனை ஏற்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கவும் நீதிமன்றம் சொல்லலாம்.

இருபத்தொரு வயதுக்குக் கீழே இருந்தால் நிலைமை தலைகீழ். 6ஆவது பிரிவின்படி அவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் அதற்கான காரணத்தை நீதிபதி எழுத வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஆனால் கவனம்: குற்றம் நடந்த நாளின் வயதை இங்கே பார்ப்பதில்லை. விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நாளின் வயதுதான் கணக்கு. ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. 'இழுத்தடித்தால் தானாகப் போய்விடும்' என்று வாய்தா வாங்கிக்கொண்டே போகிறவர்கள், பையனுக்கு 21 முடிந்த அன்று இந்தப் பாதுகாப்பைக் கை நழுவ விட்டிருப்பார்கள்.

செலவுகள்? நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். தமிழ்நாட்டில் இவர்கள் சிறைத்துறையைச் சேர்ந்தவர்கள். குடும்பம், வருமானம், நண்பர்கள், பழக்கவழக்கம் எல்லாம் கேட்பார், அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். அறிக்கை ரகசியம்தான், ஆனால் எதிர் வீட்டு அக்காவிடம் கேட்ட கேள்வி ரகசியமாக இருக்குமா? நிலையான முகவரி அல்லது தொழில் உள்ளவர் என்று காட்ட வேண்டும், எனவே கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவருக்கு இது கொஞ்சம் இடிக்கும். பத்திரக் காலத்தில் வளைகுடாவுக்குப் போக நினைப்பவரும் முன்கூட்டியே வக்கீலிடம் பேச வேண்டும்.

நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். முதல் முறை மீறலுக்கு வேறொரு வழியும் சட்டத்தில் உண்டு: 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதம்! 1958இல் அது பணம். இன்று வரை திருத்தாமல் வைத்திருக்கிறார்கள்.

எல்லாரும் கேட்பது 12ஆவது பிரிவைப் பற்றி. நன்னடத்தையில் விடப்பட்டவருக்குக் குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்கிறது அது. இதைப் படித்துவிட்டு 'அப்போ கேஸே இல்லாத மாதிரி' என்று துள்ளுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியில்லை. குற்றத்தீர்ப்பு அழிவதில்லை என்றும், அரசு ஊழியரைத் துறை நடவடிக்கையிலிருந்து அந்தப் பிரிவு காப்பாற்றாது என்றும் 1990இல் பக்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அபராதத்தைவிட இது பல படி மேல், சமரச விடுதலைக்கு ஒரு படி கீழ்.

## சமூக சேவை

2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சரக்கு. செய்தித்தாளில் படித்துவிட்டு எல்லா வழக்குக்கும் இதைக் கேட்கிறார்கள். கிடைப்பது பிஎன்எஸ்ஸின் ஆறே ஆறு குற்றங்களுக்கு. அதில் சாதாரண ஆட்களுக்குப் பொருந்துவது மூன்று: 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை, அவதூறு. நாற்காலித் தகராறுக்குக் கிடைக்காது.

சம்பளம் இல்லாமல் பொதுப் பயனுள்ள வேலை செய்ய வேண்டும். எத்தனை மணி நேரம், எந்த இடம், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை. நீதிபதிக்கு நீதிபதி மாறும். எனவே உத்தரவு எழுதும்போதே நாளும் நேரமும் தெளிவாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். முடித்ததற்கான சான்றைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும் வரை விடாதீர்கள். சான்று வராமல் போனால் செய்யாததாகத்தான் கணக்கு.

குடித்து ரகளை செய்த வழக்குக்கு இது நல்ல தீர்வு என்பது என் கருத்து. திருட்டுக்கு எனக்குத் தயக்கம். பொருளைத் திருப்பிக் கொடுத்து, ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கி முடித்த பிறகும் அது திருட்டுக் குற்றத்தீர்ப்பு. அதே வழக்கில் பொருளுக்கு உரியவர் மனமிரங்கினால் விடுதலையே கிடைக்கும். அதற்கு ஒருமுறை முயலாமல் நேராகச் சமூக சேவைக்குப் போவது அவசரம். நன்னடத்தைச் சட்டம் 'வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும்' என்று தொடங்குவதால், இங்கேயும் அதைக் கேட்கத் தடையில்லை என்பது என் வாசிப்பு.

## எந்த வழியானாலும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்

தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனிலோ சாட்சி பிறழ்ந்ததாலோ விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புள்ளவராகவே கருத வேண்டும் என்று விளக்கம் இருக்கிறது. சமரசத்தில் முடிந்த வழக்கையும் தேர்வு வாரியம் நோண்டலாம்; டெல்லி போலீஸ் தேர்வு தொடர்பான 2013 மெஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் துறையின் பக்கம்தான் நின்றது. அதே சமயம் 2016 அவதார் சிங் வழக்கில், அற்பமான வழக்குகளை வேலை தருபவர் மன்னிக்கலாம், மறைத்தது தனிக் குற்றமாகப் பார்க்கப்படலாம் என்று வகுத்துச் சொன்னது. 'உங்கள் மீது வழக்கு இருந்ததா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியவரைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

பாஸ்போர்ட்டுக்குக் கணக்கு வேறு. அங்கே முடிந்துபோன அபராதத்தைவிட நிலுவையில் இருக்கும் வழக்குதான் அதிகம் இடிக்கும், நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

## அந்த அப்பாவுக்கு எழுதிய பதில்

கோர்ட் ஏட்டு சொன்னதைச் செய்ய வேண்டாம் என்றேன். கொடைக் கமிட்டியில் இரண்டு தரப்புக்கும் பொதுவான ஆள் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். சமாதானம் ஆனால் மதுரைக் கிளையில் ரத்து மனு. செலவாகும், ஆனால் போலீஸ் கனவு உள்ள பையனுக்கு அந்தச் செலவு தகும். அவர்கள் இறங்கி வராவிட்டால் 3ஆவது பிரிவின்படி எச்சரித்து விடக் கேட்கலாம். போட்டிருக்கும் மூன்று பிரிவும் இரண்டு ஆண்டைத் தாண்டவில்லை. ஆனால் அது குற்றத்தீர்ப்போடுதான் வரும், காவல் துறைத் தேர்வுக்கு அது உறுதியான பாதுகாப்பு இல்லை என்பதைப் பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

எப்படிப் போனாலும் அவனுக்கு 21 முடிய இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. வயதுக்குச் சான்றாகப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் நகல் ஒன்றை அடுத்த வாய்தாவுக்கு முன்பே வக்கீலிடம் கொடுத்து வையுங்கள்.